சொல்லியிருந்தால் வந்திருப்பேன்: நடக்காமல் போனதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

"நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்." மாலை வகுப்பில் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பாதிப்பேர் "இஃப் யூ டோல்ட் மீ, ஐ வில் கம்" என்பார்கள். பள்ளியில் 'இஃப்' வாக்கியங்களில் டைப் 3, அதாவது நடக்காமல் போனதைச் சொல்லும் வகை, என்று சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்தான் இவர்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாக நிரப்புவார்கள். பேசும்போது மட்டும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறுவார்கள்.

மேலே உள்ள தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சொல்லி-இருந்தால், வந்து-இருப்பேன். இரண்டு பக்கமும் ஒரு 'இரு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒன்று ஒட்டும்: முதலில் 'ஹேட்', பிறகு 'வுட் ஹேவ்'. ஆக, அமைப்பு நமக்குப் புதிதல்ல. தமிழ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆங்கில வாக்கியங்களையும் இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

1. முதலில் மூன்றாவது ஃபார்ம்

இந்த வாக்கியத்தின் இரண்டு பாதியிலும் வினைச்சொல்லின் மூன்றாவது ஃபார்ம்தான் வரும் (கோ, வென்ட், கான் என்பதில் கடைசியாக வரும் 'கான்' போல). அது நாக்கில் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால் நடுவில் நின்றுவிடுவீர்கள். ஒரே மூச்சில் இரண்டு புது விஷயங்களை மூளை தேடாது.

நூற்றுக்கணக்கில் தேவையில்லை. இவை போதும்: கான், கம், டன், ஸீன், நோன், டேக்கன், கிவன், ரிட்டன், டோல்ட், லெஃப்ட், பாட், பீன், ஹேட். மற்ற பெரும்பாலான வினைகளுக்குக் கடைசியில் 'எட்' சேர்த்தால் முடிந்தது.

அதிகம் சறுக்குவது இரண்டு இடத்தில். "ஹேட் வென்ட்" என்பது தவறு, "ஹேட் கான்" என்பதே சரி. "ஹேட் கேம்" தவறு, "ஹேட் கம்" சரி. கம் என்பதற்கு முதல் ஃபார்மும் மூன்றாவது ஃபார்மும் ஒன்றுதான். இறந்தகாலம் பேசும்போது 'கம்' என்று சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் பலரும் 'கேம்' என்கிறார்கள்.

2. இது உண்மையிலேயே நடக்காததா என்று பாருங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. 'இருந்தால்' என்று கண்ணில் பட்டதும் 'ஹேட்' போட்டுவிடுகிறார்கள். ஆனால் தமிழில் 'இருந்தால்' இரண்டு வேலை செய்கிறது.

"அவர் வந்திருந்தால் உள்ளே அனுப்பு." இங்கே அவர் வந்தாரா இல்லையா என்று பேசுபவருக்குத் தெரியாது. வந்திருக்கவும் கூடும். ஆங்கிலத்தில் "இஃப் ஹீ ஹேஸ் கம், செண்ட் ஹிம் இன்." இதில் 'ஹேட்' போட்டால் கதை மாறிவிடும்.

"அவர் வந்திருந்தால் உள்ளே அனுப்பியிருப்பேன்." இங்கே அவர் வரவில்லை. விஷயம் முடிந்துபோயிற்று. இதுதான் நமக்கு வேண்டியது.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் 'மட்டும்' சேர்த்துப் பாருங்கள். "அவர் மட்டும் வந்திருந்தால் உள்ளே அனுப்பியிருப்பேன்" என்பது இயல்பாக இருக்கிறது. "அவர் மட்டும் வந்திருந்தால் உள்ளே அனுப்பு" என்றால், அவர் தனியாக வந்திருந்தால் என்று பொருள் மாறிவிடுகிறது. ஏக்கமோ கோபமோ நிம்மதியோ தொனிக்கிற 'மட்டும்' ஒட்டினால், அது நடக்காத கதை. இது எந்த இலக்கணப் புத்தகத்தின் விதியும் அல்ல, வகுப்பில் வேலை செய்கிற ஒரு சோதனை, அவ்வளவே.

3. நடந்ததை இரண்டு சின்ன வாக்கியமாக எழுதுங்கள்

நேராக 'இஃப்' என்று தொடங்காதீர்கள். முதலில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மதுரையிலிருந்து காலையில் சென்னைக்குக் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸைத் தவறவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

ராத்திரி அலாரம் வைக்கவில்லை: "ஐ டிட் நாட் செட் தி அலாரம்."
வைகையைத் தவறவிட்டேன்: "ஐ மிஸ்ட் தி வைகை."

முதலில் காரணம், பிறகு விளைவு. இதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று தோன்றும். நடக்காத ஒன்றைச் சொல்வதென்றால் நடந்ததைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். புரட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே!

4. இரண்டையும் புரட்டுங்கள்

'இல்லை' என்பது 'ஆம்' ஆகும், 'ஆம்' என்பது 'இல்லை' ஆகும். வைக்கவில்லை என்பது வைத்திருந்தால் ஆகிறது. தவறவிட்டேன் என்பது தவறவிட்டிருக்க மாட்டேன் ஆகிறது.

"இஃப் ஐ ஹேட் செட் தி அலாரம், ஐ வுட் நாட் ஹேவ் மிஸ்ட் தி வைகை."

ஒன்றை மட்டும் புரட்டிவிட்டு மற்றதை மறப்பதுதான் இங்கே வரும் பிழை. "மழை பெய்தது, மேட்ச் நின்றது" என்று கொடுத்தால், "இஃப் இட் ஹேட் ரெயிண்ட், தி மேட்ச் வுட் நாட் ஹேவ் ஸ்டாப்ட்" என்று எழுதுகிறார்கள். இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மழை பெய்யவில்லை என்று ஆகிவிடுகிறது! இரண்டையும் புரட்டினால்: "இஃப் இட் ஹேட் நாட் ரெயிண்ட், தி மேட்ச் வுட் நாட் ஹேவ் ஸ்டாப்ட்."

கேட்பவர் இதைத் தானாகவே திருப்பிப் புரட்டித்தான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார். நீங்கள் பாதி புரட்டினால் அவருக்குத் தவறான செய்தி போகும்.

5. 'இஃப்' பக்கம்: ஹேட் + மூன்றாவது ஃபார்ம்

ஐ, யூ, ஹீ, ஷீ, தே, யாராக இருந்தாலும் 'ஹேட்' மாறாது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றுதான், நம் 'இருந்தால்' என்பதும் ஆளுக்கேற்ப மாறாது. ஆனாலும் இங்கே தமிழ் மூன்று குழி வெட்டி வைத்திருக்கிறது.

முதல் குழி பேச்சுத்தமிழ். "அன்னிக்கு நான் அங்க இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்" என்கிறோம். எழுத்தில் 'இருந்திருந்தால்' என்று வர வேண்டியது பேச்சில் வெறும் 'இருந்தா' ஆகிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு "இஃப் ஐ வாஸ் தேர்" என்று போடுகிறார்கள். நடந்தது அன்றைக்கு, அதனால் "இஃப் ஐ ஹேட் பீன் தேர், ஐ வுட் நாட் ஹேவ் அலவ்ட் இட்." அதேபோல "நீ சொல்லலன்னா நான் போயிருக்க மாட்டேன்" என்பதில் 'சொல்லலன்னா' என்ற சொல்லுக்குள் 'இரு' ஒளிந்துகூட இல்லை. ஆனாலும் "இஃப் யூ ஹேட் நாட் டோல்ட் மீ" என்றே வர வேண்டும். தமிழ் வினையின் வாலைப் பார்க்காதீர்கள், சம்பவம் எப்போது நடந்தது என்று பாருங்கள்.

இரண்டாவது குழி 'இருந்திருந்தால்'. "நான் அங்கே இருந்திருந்தால்", "என்னிடம் பணம் இருந்திருந்தால்" என்று இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலம் பிரித்துவிடும். ஆள் இருப்பது 'ஹேட் பீன்'. பொருள் கையில் இருப்பது 'ஹேட் ஹேட்'. "இஃப் ஐ ஹேட் ஹேட் மனி, ஐ வுட் ஹேவ் பாட் இட்." இரண்டு ஹேட் அடுத்தடுத்து வந்தால் ஏதோ தட்டச்சுப் பிழை என்று ஒன்றை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். இருந்திருந்தால் என்பதில் நாமும்தான் 'இரு'வை இரண்டு தடவை சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லையே.

மூன்றாவது, போட்டிருப்பது. "ஹெல்மெட் போட்டிருந்தால் தலையில் அடிபட்டிருக்காது." விபத்து நேரத்தில் ஹெல்மெட் தலையில் இருக்கிற நிலையைச் சொல்கிறோம். அதனால் "இஃப் ஹீ ஹேட் பீன் வேரிங் எ ஹெல்மெட்" என்பதுதான் ஆங்கிலக் காதுக்குப் பொருந்தும். "ஹேட் வோர்ன்" என்றாலும் புரியும், தவறில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கிற பிழை இந்தப் பக்கத்தில் 'வுட்' போடுவது: "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ." அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் இப்படிச் சொல்வார்கள். மாணவர்கள் அதை இணையத்தில் கேட்டுவிட்டு வந்து, "அவங்களே சொல்றாங்களே சார்" என்பார்கள். சொல்லட்டும். தேர்விலும் அலுவலக மெயிலிலும் அது பிழையாகத்தான் எண்ணப்படும். 'இஃப்' இருக்கும் பக்கம் ஹேட், இல்லாத பக்கம் வுட்.

6. விளைவுப் பக்கம்: வுட் ஹேவ் + மூன்றாவது ஃபார்ம்

'வந்திருப்பேன்' என்பதன் வால் எதிர்காலத்து வால்: படிப்பேன், இருப்பேன் போல. அதைப் பார்த்து 'வில்' போடத் தோன்றுவது நியாயம்தான். மேலும் தமிழில் இந்த வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. "அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்" என்பது வெறும் ஊகம். அதற்கு "ஹீ வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்" என்பதே சரி. அவன் போயிருக்கவும் கூடும் அல்லவா? நடக்காத கதைக்கு மட்டும்தான் 'வுட் ஹேவ்'.

அடுத்த பிழை: "ஐ வுட் ஹேட் கம்." இறந்தகாலம் என்பதால் ஹேவ் என்பதை ஹேட் ஆக்கிவிடுகிறார்கள். 'வுட்' வந்தபின் அடுத்த சொல் அதன் மூல வடிவத்தில்தான் நிற்கும். அதனால்தான் "ஹீ வுட் ஹேஸ்" என்பதும் வராது. ஹீ என்றாலும் ஷீ என்றாலும் 'வுட் ஹேவ்'.

எதிர்மறையில் 'நாட்' எங்கே? வுட், ஹேவ் இரண்டுக்கும் நடுவில். "வுட் ஹேவ் நாட் கம்" என்று கடைசிக்குத் தள்ளுவதை நிறையப் பார்க்கிறேன். "வுட் நாட் ஹேவ் கம்" என்றே பழகுங்கள்.

7. உறுதி இல்லையென்றால் குட், மைட்

'வுட்' என்றால் கட்டாயம் நடந்திருக்கும் என்று பொருள். எல்லா விளைவும் அவ்வளவு உறுதியாக இருக்காது.

ரயிலைப் பிடித்திருக்க முடியும் என்றால் "குட் ஹேவ் காட்". பிடித்திருந்தாலும் பிடித்திருப்போம் என்று இழுத்தால் "மைட் ஹேவ் காட்". 'கிடைத்திருந்தாலும் கிடைத்திருக்கும்' என்று நாம் சொல்கிற அந்த அரைகுறை நம்பிக்கைக்கு 'மைட்' அளந்து செய்ததுபோல் பொருந்தும். "இஃப் யூ ஹேட் அப்ளைட், யூ மைட் ஹேவ் காட் தி ஜாப்." இந்த வாக்கியத்தில் 'காட்' என்பது கெட் என்பதன் மூன்றாவது ஃபார்ம். ரயிலைப் பிடிப்பதற்கு வரும் 'காட்' கேட்ச் என்பதிலிருந்து வருவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், நோட்டில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

8. இரண்டையும் சேர்ப்பது

தமிழில் 'இருந்தால்' போல 'ஆல்' என்று முடியும் பகுதிதான் பெரும்பாலும் முதலில் வரும். ஆங்கிலத்தில் எதை வேண்டுமானாலும் முன்னே வைக்கலாம். 'இஃப்' முன்னே வந்தால் நடுவில் கமா, பின்னே வந்தால் கமா வேண்டாம்.

கேள்வியாக்கும்போது விளைவுப் பக்கம் மட்டும்தான் திரும்பும்: "வாட் வுட் யூ ஹேவ் டன் இஃப் யூ ஹேட் பீன் தேர்?" இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வரும். பதிலை "ஐ வில்" என்று தொடங்காமல் "ஐ வுட் ஹேவ்" என்று தொடங்குங்கள். கேள்வியில் இருக்கும் அதே வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

'இருந்தாலும்' என்று வந்தால் முன்னால் 'ஈவன்' சேர்க்க வேண்டும். சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்: "ஈவன் இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் நாட் ஹேவ் கம்." இங்கே 'ஆல்தோ' போட்டால் அவர் உண்மையிலேயே சொன்னதாக ஆகிவிடும்.

இன்னொன்று, இலக்கணத்தில் சேராதது. "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ எர்லியர்" என்று மேலதிகாரிக்கு மெயில் போட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும். 'முன்னாடியே சொல்லியிருந்தா' என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே? யூ என்பதை எடுத்துவிட்டு "இஃப் ஐ ஹேட் நோன் எர்லியர்" என்று எழுதுங்கள். செய்தி அதேதான், சண்டை வராது.

9. காரணம் அன்று, விளைவு இன்று

இதுவரை இரண்டும் முடிந்துபோனவை. காரணம் அன்றைக்கும் விளைவு இன்றைக்கும் இருந்தால், விளைவுப் பக்கத்தில் 'ஹேவ்' போய்விடும்.

"அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருந்தால் இப்போது துபாயில் இருப்பேன்." கடைசிச் சொல்லில் இருப்பது ஒட்டிக்கொண்ட 'இரு' அல்ல, வசிப்பதைக் குறிக்கும் முழு வினை. "இஃப் ஐ ஹேட் அக்செப்டட் தட் ஜாப், ஐ வுட் பி இன் துபாய் நவ்." இங்கே "வுட் ஹேவ் பீன்" என்று போட்டால் 'நவ்' என்பதோடு முட்டும்.

தலைகீழாகவும் வரும். எனக்கு நீச்சல் தெரியாது, அது இன்றைக்கும் உண்மை. அன்றைக்குக் குதிக்கவில்லை. "இஃப் ஐ நியூ ஹவ் டு ஸ்விம், ஐ வுட் ஹேவ் ஜம்ப்ட் இன்." இதில் 'இஃப்' பக்கம் 'ஹேட்' இல்லை, ஏனென்றால் அந்தக் குறை இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக நேரம் பாருங்கள். மூன்றாம் படியில் இரண்டு வாக்கியமாக எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. காதில் விழும்போது

ஆங்கிலம் பேசுபவர்கள் 'ஐ ஹேட்' என்பதையும் 'ஐ வுட்' என்பதையும் ஒரே மாதிரி 'ஐட்' என்று சுருக்கிவிடுவார்கள். எது எது என்று அடுத்த சொல் சொல்லிக் கொடுக்கும். 'ஐட் ஹேவ்' என்றால் வுட். 'ஐட் நோன்' என்றால் ஹேட்.

'வுட் ஹேவ்' பேச்சில் 'வுடவ்' என்று தேயும். அந்த 'அவ்' என்பதை 'ஆஃப்' என்று நினைத்து "வுட் ஆஃப்" என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்கிற பிழை. நாம் எழுதிப் பழகியபின் கேட்பதால் இதில் அதிகம் விழுவதில்லை. சின்ன ஆறுதல்.

11. 'இஃப்' இல்லாமல்

இதைக் கடைசிக்கு வைத்திருப்பது வேண்டுமென்றேதான். முந்தைய படிகள் பழகாமல் இதைத் தொட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

'இஃப்' என்பதை எடுத்துவிட்டு 'ஹேட்' என்பதை முன்னால் கொண்டுவரலாம்: "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்." எழுத்துக்கு ஏற்ற நடை, டீக்கடையில் சொன்னால் மேடைப்பேச்சு போல் இருக்கும். எதிர்மறையில் 'நாட்' பின்னால் தனியாக நிற்க வேண்டும்: "ஹேட் ஐ நாட் நோன்." 'ஹேடன்ட்' என்று சேர்த்து முன்னால் வைக்கக் கூடாது.

"நீங்க மட்டும் இல்லன்னா..." என்று நன்றி சொல்வோமே, அதற்கு "இஃப் இட் ஹேட் நாட் பீன் ஃபார் யூ" என்று ஒரு தயார் வடிவம் இருக்கிறது. "இஃப் யூ ஹேட் நாட் பீன்" என்று சொல்லுக்குச் சொல் போட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். உதவியைச் சொல்வதென்றால் இன்னும் சுருக்கமாக "பட் ஃபார் யுவர் ஹெல்ப், ஐ வுட் ஹேவ் ஃபெயில்ட்."

12. ஐந்து வாக்கியம், விடையை மூடிக்கொண்டு

அ. அப்பா மட்டும் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.
ஆ. அன்னிக்கு கையில காசு இருந்தா அந்த நிலத்த வாங்கியிருப்பேன்.
இ. சாவி கிடைத்திருந்தால் கதவைத் திற.
ஈ. அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இன்று நம்மோடு இருப்பார்.
உ. டாக்டர் மட்டும் இல்லையென்றால் குழந்தை பிழைத்திருக்காது.

விடைகள்:

அ. "இஃப் அப்பா ஹேட் ஸீன் இட், ஹீ வுட் ஹேவ் ஸ்கோல்டட் மீ."
ஆ. "இஃப் ஐ ஹேட் ஹேட் மனி தட் டே, ஐ வுட் ஹேவ் பாட் தட் லேண்ட்."
இ. "இஃப் யூ ஹேவ் ஃபௌண்ட் தி கீ, ஓபன் தி டோர்."
ஈ. "இஃப் ஹீ ஹேட் டேக்கன் தி மெடிசின் ப்ராப்பர்லி, ஹீ வுட் பி வித் அஸ் டுடே."
உ. "இஃப் இட் ஹேட் நாட் பீன் ஃபார் தி டாக்டர், தி சைல்ட் வுட் நாட் ஹேவ் சர்வைவ்ட்."

'ஆ'வில் ஒரு ஹேட் மட்டும் போட்டவர்கள் 5-ஆம் படியை இன்னொரு தடவை படியுங்கள். 'இ'யில் ஹேட் போட்டவர்கள் 2-ஆம் படிக்குத் திரும்புங்கள். 'ஈ'யில் "வுட் ஹேவ் பீன்" என்று எழுதியிருந்தால் 'இன்று' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு 9-ஆம் படிக்குப் போங்கள்.